37ஆம் நம்பர் அத்தையுடன் ஆறு நாள்

முதல் நாள் – புதுச்சேரி

அத்தைக்குப் பொன்விழா, பத்து நாள் லீவு வேண்டும் என்று கேட்டதும் மேனேஜர் "மாமா என்ன பண்றார்?" என்றார். மாமா எல்லாம் கிடையாது சார், அத்தை கன்னியாஸ்திரி, மடத்தில் முதல் வார்த்தைப்பாடு கொடுத்து இந்த வருடத்தோடு ஐம்பது வருடம் ஆகிறது என்று விளக்கி, வார்த்தைப்பாடு என்றால் என்ன என்று அதற்கொரு விளக்கம் சொல்லி, லீவு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றையும் கடவுளுக்கு வாக்காகக் கொடுப்பதுதான் சார் அது. அவர் தலையை ஆட்டிவிட்டு, எட்டு நாள் கொடுத்தார்.

அத்தை மடத்தில் சேர்ந்தது 1972ல். ஆனால் கணக்கு 1975லிருந்துதான், ஏனென்றால் முதல் வார்த்தைப்பாடு கொடுத்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். அதற்கு முன்னால் கேண்டிடேட், நாவிஸ் என்று பயிற்சியில் இருந்து பாத்திரம் தேய்த்த மூன்று வருடமும் கணக்கில் வராது. 25 என்றால் வெள்ளி, 50 பொன், 60 வைரம். பட்டாளத்து சர்வீஸ் கணக்கு மாதிரிதான், பென்ஷன் மட்டும் கையில் வராது. அந்தக் கதை பிறகு வரும்.

பொன்விழா சிஸ்டர்களுக்கு எங்காவது போய்வரச் சபையில் அனுமதி கொடுப்பார்கள். 2025 திருச்சபைக்கே யூபிலி ஆண்டு, துறவியருக்கென்று ரோமில் அக்டோபர் 8, 9 தேதிகளில் தனியாக விழா, அதற்கு வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அத்தைக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. "ரோமுல கூட்டத்துல நின்னு போப்பாண்டவர தூரத்துல பாக்குறதுக்கு, நம்ம பக்கத்துல முதல்ல மடம் வச்ச பொம்பளைங்க இருந்த எடத்த ஒருதரம் பாத்துட்டு வந்துர்றேன்" என்றாராம். துணைக்கு நான். தன் பெயர், சபைப் பெயர், விழா நடக்கும் ஊர்ப் பெயர் எதையும் போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதை எழுத அனுமதித்தார். முக்கியமாகப் போட்டோ கூடாது.

என்னிடம் ஒரு டிராலி, ஒரு முதுகுப்பை. அத்தையிடம் ஒரே ஒரு துணிப்பை, அதற்குள் இரண்டு சேலை, ஒரு துண்டு, தினசரி ஜெபத்துக்கான திருப்புகழ்மாலைப் புத்தகம், மாத்திரை டப்பா, டார்ச். ஐம்பது வருடத்தில் பதினொரு மாற்றல் பார்த்தவர். கடிதம் வந்தால் மறுநாள் காலை பஸ் ஏறிவிடவேண்டும், அதனால் மூட்டை கட்ட இருபது நிமிடம் போதும் என்றார், பெருமையாகவே சொன்னார்.

புதுச்சேரிக்கு ஏன் முதலில் வந்தோம் என்றால், தமிழ்ப் பெண்களுக்கான பழைய சபைகளில் ஒன்று இங்கேதான் தொடங்கியது. 1844 ஜனவரியில் ஆயர் பொனான் இங்கே குருக்களைக் கூட்டி ஒரு சங்கம் நடத்தினார். உள்ளூர்ப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்ற பேச்சு அங்கே எழுந்தது. பெண் எழுத்துக் கற்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று நினைத்த காலம், சொல்லிக்கொடுக்கவும் பெண்தானே வேண்டும், பெண் வாத்தியாருக்கு எங்கே போவது? அதே வருடம் அக்டோபர் 16ஆம் தேதி லூயி சவினியன் துப்புயி அடிகளார் உள்ளூர்ப் பெண்களைச் சேர்த்து மரியாளின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். அவர்கள்தான் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார்கள்.

இந்த துப்புயியின் பெயரை நான் வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன். மூசே என்ற இன்னொரு பாதிரியாரும் இவரும் சேர்ந்து போட்ட தமிழ் – பிரெஞ்சு அகராதி, 1855லும் 1862லும் இரண்டு பாகமாக இதே ஊரில் அச்சானது. காலையில் மடம், ராத்திரி அகராதி என்று இருந்திருப்பார் போல. அத்தையிடம் சொன்னதும், "அப்போ 'மடம்'ங்கிறதுக்கு பிரெஞ்சுல என்ன எழுதுனாராம்?" என்று கேட்டார். தெரியவில்லை. பார்க்கவேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் ரோமன் ரோலன் தெருவில் இருக்கும் குளூனி தையல் இல்லத்துக்குப் போனோம். குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் பிரான்சிலிருந்து இந்த ஊருக்கு வந்தது 1827ல். வெள்ளைக்காரர் காலத்துப் பெரிய வீடு, உயரமான தூண், உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மேசைவிரிப்பில் பூவேலை செய்கிறார்கள். நான் மேல்பக்கத்துப் பூவைப் பார்த்து ஆகா என்றேன். அத்தை அந்த அக்காவிடம் அனுமதி கேட்டு விரிப்பைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடிப்பக்கத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். அடியிலும் மேலே இருந்த மாதிரியே சுத்தம், ஒரு முடிச்சு துருத்தவில்லை. "இதுக்குத்தான் எங்க நாவிஸ் மிஸ்ட்ரஸ்கிட்ட நான் குட்டு வாங்குவேன்" என்றார். நாவிஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சிஸ்டர்தான் மிஸ்ட்ரஸ்.

அப்போதுதான் நம்பர் கதை வந்தது. மடத்தில் சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொருவருக்கும் துணி நம்பர் கொடுப்பார்களாம். எல்லாருடைய வெள்ளைத்துணியும் ஒரே அண்டாவில் வேகும், யாருடையது எது என்று தெரியவேண்டுமே. அதனால் சேலை, பாவாடை, துண்டு, தலையணை உறை, கைக்குட்டை வரை எல்லாவற்றின் மூலையிலும் சிவப்பு நூலில் நம்பரைத் தைக்கவேண்டும். அத்தைக்கு 37. இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவிக் காட்டினார், மூலையில் மிளகு அகலத்தில் சிவப்பாக ஒரு 37. இத்தனை வருடம் என் சித்தப்பா கல்யாணம், பாட்டி சாவு என்று எத்தனை முறை அந்தக் கைக்குட்டையைப் பார்த்திருக்கிறேன், ஒருதடவைகூடக் கவனித்ததில்லை.

இரண்டாம் நாள் – திருச்சி

விழுப்புரம் வழியாக பஸ். மழை. கண்ணாடி ஜன்னல் மூடாமல் பாதியில் நின்றுவிட, என் வலதுபக்கம் முழுக்க நனைந்தது. அத்தை ஜன்னல் இடுக்கில் துண்டைச் செருகிவிட்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார், ஐம்பத்துமூன்று மணியும் முடிந்தபோது உளுந்தூர்பேட்டைகூட வரவில்லை.

திருச்சியில் பார்க்க நினைத்தது புனித அன்னாள் சபையின் தொடக்கத்தை. 1858ல் அன்னம்மாள் என்ற இளம் விதவை தொடங்கியது அது. புதுச்சேரியில் ஒரு பாதிரியார் பெண்களைக் கூட்டினார் என்றால், இங்கே முன்னால் வந்ததே ஒரு பெண், அதுவும் விதவை. நல்ல காரியத்துக்குப் போகும்போது விதவை எதிரே வந்தால் வீட்டுக்குத் திரும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிய ஊர்கள் இவை. என் கொள்ளுப்பாட்டி பதினேழு வயதில் தாலியறுத்து, செத்துப்போகும்வரை சமையலறைக்குப் பின்னால் ஓர் இருட்டறையில் படுத்திருந்தார் என்று அப்பா சொல்வார். அப்படிப்பட்ட பெண்ணுக்கு "நீ வா, உனக்கு வேலை இருக்கிறது" என்று சொல்ல ஓர் இடம் இருந்தது என்பதை நினைத்தால், பக்தி அவ்வளவாக இல்லாத எனக்கே ஒரு மாதிரி ஆகிறது. அத்தை அந்தச் சபைக்காரர் இல்லை. இருந்தாலும் சிற்றாலயத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

தெப்பக்குளத்துப் பக்கம் ஹோலி கிராஸ் காலேஜ் வாசலையும் வெளியிலிருந்து பார்த்தோம். சிலுவைச் சகோதரிகள் 1923ல் பெண்களுக்கென்று தொடங்கிய கல்லூரி. விடுகிற நேரம், பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சரி, அது இருக்கட்டும், திருச்சிக்கு வந்த உண்மையான காரணம் வேறு.

அத்தையோடு 1972ல் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். பொன்விழாவுக்கு மிஞ்சியிருப்பது நான்கு. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், மூன்று பேர் வெளியே போய்விட்டார்கள். வெளியே போனவர்களைப் பற்றி மடத்தில் அந்தக் காலத்தில் பேசவேமாட்டார்களாம். ஒருநாள் காலை பூசைக்கு வந்தால் பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான், ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். திருச்சபைச் சட்டப்படி பார்த்தால் இதில் ஒளிக்க ஒன்றும் கிடையாது. முதல் வார்த்தைப்பாடு காலக்கெடு வைத்துக் கொடுப்பது. மூன்று வருடத்துக்குக் குறையாமல், ஆறு வருடத்துக்கு மிகாமல், ரொம்பத் தேவையென்றால் ஒன்பது வரை நீட்டலாம். அதற்குப் பிறகுதான் சாகும்வரைக்குமான நித்திய வார்த்தைப்பாடு. கெடு முடிந்தபின் புதுப்பிக்க விருப்பமில்லை என்றால் நேராக வாசல் வழியாகவே போகலாம். அப்படி 1980ல் போன ஒருவர் திருச்சியில் இருக்கிறார். நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகள் எடுத்தவர்.

அவர் கதவைத் திறந்ததும் அத்தையைப் பார்த்து, "முப்பத்தேழு!" என்றார்.

அத்தை "முப்பத்தெட்டு!" என்றார்.

அப்புறம் இரண்டு பேரும் வாசற்படியிலேயே கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள், நான் நனைந்த பையோடு நிற்கிறேன், உள்ளே கூப்பிட ஆளில்லை.

மூன்று மணிநேரம் பேசினார்கள். ஏன் போனாய் என்று அத்தை கேட்கவில்லை, நாற்பத்தைந்து வருடமாகக் கேட்டதில்லையாம். பேசியதெல்லாம் நாவிஸ்கள் தங்கும் நாவிஷியேட்டில் இருந்த கிணறு, கயிறு அறுந்து வாளி விழுந்தது, அதை எடுக்க இறங்கியது யார் என்ற தீராத வழக்கு, இரவு மௌனத்தில் தும்மல் வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்வது, இப்படி. முப்பத்தெட்டு அவர்களுக்குத் தையலில்தான் கர்வம். "37 தைக்கிறதுல என்ன இருக்கு, எல்லாம் நேர்கோடு. 8 தச்சுப் பாரு, நடுவுல ரெண்டு வளையமும் சேர்ற எடத்துல ஒரு சின்ன முடிச்சு போடணும், இல்லேன்னா ரெண்டு வெளுப்புல பிரிஞ்சிரும். மிஸ்ட்ரஸ் என்னோடதத்தான் எல்லாருக்கும் காட்டுவாங்க" என்று என்னிடம் சொன்னார்.

கிளம்பும்போது அத்தை விழாவுக்கு வரச்சொன்னார். அவர் வரமாட்டேன் என்றார், காரணம் சொல்லவில்லை, முகமும் மாறவில்லை. செருப்பை மாட்டும்போது மட்டும், "என் நம்பர் இப்ப யார்ட்ட இருக்கு?" என்று கேட்டார். நம்பர் காலியானால் அடுத்து வருகிற பெண்ணுக்குப் போய்விடும். 38 யாரிடம் என்று அத்தைக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் – தூத்துக்குடி

வெயில். நேற்றைய மழைக்கு இது வேறு தேசம் மாதிரி இருக்கிறது. பனிமய மாதா கோயிலில் அத்தைக்கு அறிமுகமான ஆட்கள் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள், ஒருவர் 1988 பேட்ச் மாணவி, "சிஸ்டர் இன்னும் எனக்கு வாய்ப்பாடு பயம் போகல" என்றார், அத்தை உடனே "பதினேழெட்டு?" என்று கேட்க, கையில் குழந்தையோடு நின்ற அந்த அம்மா நூத்திமுப்பத்தாறு என்று சொல்லிவிட்டுத்தான் முத்தி செய்யப் போனார்.

இங்கே வந்தது ஒரு பிரெஞ்சுக்காரிக்காக. எலேன் த ஷப்போத்தேன், 1839ல் நாந்த் நகரத்தில் பிறந்தவர், துறவறப் பெயர் பாடுகளின் மரியா. மரி ரெப்பாராட்ரீஸ் என்ற சபையில் சேர்ந்து, நாவிஸாக இருக்கும்போதே 1865ல் மதுரை மறைத்தளத்துக்கு, அதாவது மிஷன் பகுதிக்கு, அனுப்பப்பட்டார். உள்ளூர்ச் சகோதரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் வேலை. 1866 மே 3ஆம் தேதி இதே தூத்துக்குடியில் வார்த்தைப்பாடு கொடுத்தார். அடுத்த வருடம் ஜூலையில், 28 வயதில், இங்கிருந்த மடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலைவி ஆகிவிட்டார். "இருபத்தெட்டு வயசுல எனக்கு ஹாஸ்டல் சாவியக்கூடக் குடுக்கல" என்றார் அத்தை.

பிறகு நடந்ததைச் சபை வரலாறுகளில் மிருதுவாக எழுதுவார்கள். கருத்து வேறுபாடு என்பார்கள். என் மொழியில் சொன்னால், மடங்களுக்குள் பெரிய சண்டை. அது முற்றி, 1876ல் இவரோடு சேர்த்து 20 சகோதரிகள் அந்தச் சபையை விட்டே வெளியேறி, ஊட்டிக்குப் போய்விட்டார்கள். ஊட்டி கோயம்புத்தூர் மறைத்தளத்தில் இருந்தது, அங்கே 1874லேயே ஒரு மடம் திறந்திருந்தார்கள். இருபது பேர் ஒரேயடியாக வெளியேறுவது என்றால், சொந்த நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள், கையில் பணமில்லை, எந்தச் சபைக்காரர்கள் என்று கேட்டால் சொல்வதற்குப் பெயர்கூட இல்லை.

சண்டை என்றதும் அத்தையிடம் மெல்லக் கேட்டேன், உங்கள் மடத்தில்?

கடற்கரையில் உட்கார்ந்து கொஞ்சநேரம் சப்பாத்துக்குள் போன மணலைத் தட்டினார். ஒரு ஊரில், ஒரு தலைமைச் சகோதரியோடு, நான்கு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாராம். ஹாஸ்டல் பிள்ளை ஒருத்திக்குக் காய்ச்சல், இரவிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இவர், காலையில் பார்க்கலாம் என்று அவர். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தாயிற்றே, அதனால் இவர் அடங்கிப்போனார். பிள்ளை பிழைத்துக்கொண்டது, ஆனால் ஒரு காது கேட்காமல் போனது. "அன்னைக்கு நான் கேட்டைத் தாண்டிக் குதிச்சிருக்கணும்" என்றார். நான்கு மாதம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் குழம்பு வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் சிஸ்டர் வழியாகத்தான் கேட்பாராம். இப்போது அந்தத் தலைவிக்கு 86 வயது, நினைவு தப்பிவிட்டது, போனமாதம் போய்ப் பார்த்தபோது அத்தையைத் தன் அம்மா என்று நினைத்துத் தலைவாரிவிடச் சொன்னாராம், இவரும் வாரிவிட்டு வந்திருக்கிறார். விழா மலரில் இதெல்லாம் வராது. "எழுதட்டுமா?" என்று கேட்டேன். ஊர்ப் பெயர் இல்லாமல் எழுது என்றார்.

நான்காம் நாள் – ரயிலும் மலையும்

தூத்துக்குடியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி ரயில் இருக்கிறது. அந்த இருபது பேர் போன திசையில் நாங்கள் ஏசி பெட்டியில் படுத்துக்கொண்டு போனோம். அத்தைக்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை, சால்வை, அதற்குமேல் என் சால்வை, தலையில் முக்காடு, கண்மட்டும்தான் தெரிந்தது.

தூக்கம் வராமல் சம்பளக் கதை சொன்னார். அரசு உதவிபெறும் பள்ளியில் 31 வருடம் கணக்கு டீச்சர். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குச் சம்பளம் தனியாகக் கையில் கிடையாது, அது சபைக்குப் போய்விடும், பஸ்ஸுக்கும் மாத்திரைக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும், மீதியைத் திரும்பக் கொடுத்துச் சீட்டு எழுதவேண்டும். முதல் சம்பளம் எவ்வளவு என்று இன்றுவரை தெரியாதாம், கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் அலுவலக ஆள் விரலால் காட்டுவார், அங்கே போடுவார். இப்போது பென்ஷனும் அப்படியே. இப்படிப்பட்ட சம்பளத்துக்கு வருமானவரி பிடிக்கலாமா கூடாதா என்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வருடக்கணக்காக வழக்கு நடந்தது. பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஆசிரியராக வேலை செய்து சம்பளம் வாங்கினால் அது வருமானம்தான், அதை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பது உங்கள் பாடு, என்பது தீர்ப்பின் சாரம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. அத்தைக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால், "வருமானம்னு ஒண்ணு எனக்கு இருந்துச்சுன்னு கோர்ட்டு சொல்லித்தான் தெரிஞ்சுது" என்று இருட்டில் சிரித்தார், மேல் பெர்த்காரர் இருமினார்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கினால், மலைரயில் கிடையாது. மழையில் தண்டவாளத்தில் மண் சரிந்துவிட்டதாம். பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறும் அந்த ரயிலில் போகவேண்டும் என்பது உண்மையில் என் ஆசை, அத்தையைச் சாக்காக வைத்திருந்தேன். எப்படியும் அந்த ரயில் குன்னூர் வரை வந்ததே 1899ல், ஊட்டிக்கு 1908ல். பாடுகளின் மரியா மலையேறிய காலத்தில் அதுவும் இல்லை. "அவங்களும் ரயில் இல்லாமத்தான் போனாங்க, நீ ஏன் மூஞ்சியத் தூக்குற" என்று சொல்லிவிட்டு அத்தை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் பிடித்தார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் நான் வாந்தி எடுத்தேன். அதற்குமேல் இந்த நாளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள் – ஊட்டி

குளிர். பனிமூட்டத்தில் எதிரே வருபவர் முகம் தெரியவில்லை.

1877 ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாள் அன்று, போப் ஒன்பதாம் பத்திநாதர் இந்த இருபது பேரும் தனிச் சபையாக இருக்க அனுமதி கொடுத்தார். அதற்காகப் பாடுகளின் மரியா ரோமுக்கே நேரில் போயிருந்தார். பிறகு அசிசி நகரப் புனித பிரான்சிஸ்குவின் வழியில் சேர்ந்து, பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி ஆனார்கள். எஃப்.எம்.எம். என்றால் நமக்கு உடனே தெரியும், சென்னையில் 1947 ஆகஸ்ட் 15 அன்றே ஸ்டெல்லா மேரிஸ் காலேஜைத் திறந்தவர்கள். ஒரு சண்டையில் வெளியே வந்த இருபது பேர், பெயரில்லாமல் இந்தக் குளிரில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் 1904ல் இறக்கும்போது சபையில் இரண்டாயிரத்துக்கும் மேல் சகோதரிகள்.

சுலபமாக நடந்ததா என்றால் இல்லை. 1883ல் அவர்மேல் புகார் போய், தலைவி பதவியிலிருந்தே இறக்கிவிட்டார்கள். விசாரணை முடிந்து அடுத்த வருடம் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 2002ல், புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் வந்தது. பதவி இல்லாத அந்த ஒரு வருடம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் அத்தையின் கேள்வி. "தனக்குக் கீழ இருந்தவங்ககிட்ட போய் பஸ்ஸுக்குக் காசு கேக்குற மாதிரி இருந்திருக்கும்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். 1883ல் ஏது பஸ் என்று நான் சொல்லவில்லை.

நாசரேத் கான்வென்ட் வளாகத்தை ஒரு சுற்றுப் பார்த்தோம். மேட்டில் ஏற அத்தையின் முட்டி ஒத்துழைக்கவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினார். சிற்றாலயத்துக்குள் போனதும் முழந்தாளிட முயன்று, முடியாமல், பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி பாதியில் நின்றார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்து, அப்படியே குனிந்தவாக்கில் இருந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஆறாம் நாள் – விழா

முந்தின நாள் ராத்திரியே வந்து சேர்ந்துவிட்டோம். எங்கள் குடும்பத்திலிருந்து மட்டும் இரண்டு வேன். நான்கு யூபிலி சிஸ்டர்களுக்கும் மாலை, தலையில் பொன்னிறச் சரிகை கிரீடம், கையில் மெழுகுதிரி. அத்தை கிரீடத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு, நேராக்க வந்த கையையெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டே பவனியில் நடந்தார்.

மறையுரை நீளம். மூன்று வார்த்தைப்பாட்டையும் மூன்று பழத்துக்கு ஒப்பிட்டார் சாமியார், இரண்டாவது பழத்தில் நான் கவனத்தை விட்டுவிட்டேன். அதன்பிறகு நான்கு பேரும் பீடத்துக்கு முன்னால் வந்து வார்த்தைப்பாட்டைப் புதுப்பித்தார்கள். முழந்தாளிட முடியாததால் நான்கு நாற்காலி போட்டிருந்தது. தாளைப் பார்த்து வாசிப்பார் என்று நினைத்தேன். அத்தை தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, 1975ல் சொன்ன பழைய வாசகத்தையே மனப்பாடமாகச் சொன்னார். தாளில் இருந்தது புதிய மொழிபெயர்ப்பு போல, பக்கத்து சிஸ்டர்கள் சொன்னதும் இவர் சொன்னதும் சேரவில்லை. இவர் மட்டும் கொஞ்சம் முந்திப்போய் முடித்துவிட்டு, மற்றவர்கள் முடிக்கக் காத்திருந்தார்.

பாராட்டுரைகளைத் தாண்டிப் போகிறேன். எட்டுப் பேர் பேசினார்கள்.

சாயங்காலம் வேன்கள் கிளம்பியபின் அத்தையின் அறைக்குப் போனேன். மேசையில் ஒரு கவர். பன்னிரண்டாவது மாற்றல், வயதான சிஸ்டர்கள் இருக்கும் இல்லத்துக்கு. வேலை என்ற இடத்தில் 'ஜெபமும் ஓய்வும்' என்று போட்டிருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கட்டிலில் குடும்பத்துச் சார்பாகக் கொடுத்த புதுச்சேலை, அதன் மூலையில் அத்தை பாதி 3 தைத்திருந்தார்.

பேச்சு வராமல் கொல்லைப்பக்கம் போனேன். நீளக் கொடிகளில் நாவிஸ் பிள்ளைகளின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. இந்த வருடம் ஆறு பேர், நான்கு பேர் ஜார்க்கண்ட், ஒடிசாப் பக்கம். திருச்சியில் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு துண்டின் மூலையாகப் பார்த்துக்கொண்டே போனேன். 41, 19, 56, திரும்ப 19. கடைசிக் கொடியில் ஒரு தலையணை உறையில் இருந்தது, 38. இதற்கு அத்தையின் தடை பொருந்தாது என்று நானே முடிவுசெய்து போட்டோ எடுத்து, முப்பத்தெட்டு அம்மாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன்.

பத்து நிமிடம் கழித்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. முதலில் கொஞ்சநேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நடுவுல முடிச்சு போடல பாரு. ரெண்டு வெளுப்புல பிரிஞ்சிரும். அந்தப் பிள்ளகிட்ட சொல்லு."

அந்தப் பிள்ளைக்கு இன்னும் தமிழ் வரவில்லை. அத்தையிடம் போய்ச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்துவிட்டு, "ஊசிய எடு, என் கண்ணாடிய எங்க வச்சேன்?" என்று எழுந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது.